பின் ஷாக் போல்ட் இறுகிப் போனால்: எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். சென்னை திருவான்மியூரில் தெருவோரம் நிற்கும் எட்டு வருட பைக், பின்னால் இரட்டை ஷாக் (அதிர்வு தாங்கி). புது ஷாக் ஜோடி வாங்கியாகிவிட்டது. வலது கீழ் போல்ட்டில் நட் வந்துவிட்டது. ஆனால் போல்ட்டைத் திருப்பினால் கொஞ்சம் திரும்புகிறது, கையை விட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது, வெளியே வரவில்லை. இடது மேல் டோம் நட் (ஒரு பக்கம் மூடிய நட்) அசையவே இல்லை. கேஸ் வைத்துச் சூடு காட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

சுருக்கமான பதில்: சூடு கடைசிக்கு முந்தின ஆயுதம், அதுவும் இந்த இரண்டு இடத்திலும் கேஸ் நெருப்பு வேண்டாம். இரண்டும் வேறு வேறு கோளாறு, வைத்தியமும் வேறு. இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. பழைய ஷாக்கும் பழைய போல்ட்டும் ஏற்கெனவே குப்பைதான். ஃப்ரேமில் இருக்கும் ஸ்டட் (தலையில்லாத மரைக் கம்பி), பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் காது (போல்ட் மாட்டும் இடம்), அவற்றின் மரை, இவை மூன்றும் குப்பை இல்லை. எந்த அடி அடித்தாலும், எங்கே பிளேடு வைத்தாலும், விலை குறைந்த பக்கம்தான் சேதமாக வேண்டும். மெக்கானிக் பட்டறைகளில் பாதி விபரீதம் நடப்பதே, தூக்கிப் போடப் போகிற ஷாக்கைப் பத்திரமாகக் கழற்றுவதற்காக ஃப்ரேமை முறுக்குவதால்தான்.

முதலில், போல்ட் எங்கே பிடித்திருக்கிறது என்று தெரிய வேண்டும். ஷாக்கின் இரண்டு முனையிலும் ஒரு வளையம், அதற்குள் ரப்பர் புஷ், ரப்பரின் நடுவில் ஒரு இரும்புக் குழல். போல்ட் அந்தக் குழலுக்குள் போகிறது. நட்டை இறுக்கும்போது குழலின் இரு முனையும் பிராக்கெட்டோடு சேர்ந்து அழுந்திவிடும். வண்டி ஓடும்போது குழல் சுற்றுவதில்லை, ரப்பர்தான் முறுகிக்கொடுக்கிறது. போல்ட்டுக்கும் குழலுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் சில பங்கு இடைவெளிதான் இருக்கும். அதற்குள் தண்ணீர் புகுந்து, துரு உருவானால், அது மூல இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். போக இடமில்லாமல் அழுத்தி அழுத்தி, போல்ட்டும் குழலும் ஒரே கம்பியாகிவிடும். திருவான்மியூர், பெசன்ட் நகர், நீலாங்கரை, எண்ணூர் மாதிரி கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று இதை வேகப்படுத்துகிறது. 2015 டிசம்பரிலோ 2023 மிக்ஜாம் புயலிலோ வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் வேளச்சேரியானாலும் முடிச்சூரானாலும் அதே கதை. வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் கன்னை நேராகக் கீழ் போல்ட் மீது பிடிப்பதும் சேர்ந்துகொள்கிறது. மேல் போல்ட்டைவிடக் கீழ் போல்ட் சீக்கிரம் பிடிப்பதற்குக் காரணம், டயர் வாரி அடிக்கும் சேறு அங்கேதான் போய் உட்கார்கிறது.

இப்போது உங்கள் வலது கீழ் போல்ட்டைப் பாருங்கள். திரும்புகிறது, விட்டால் திரும்பி வருகிறது. மரையில் பிடித்த போல்ட் இப்படிச் செய்யாது. போல்ட்டோடு குழலும் சேர்ந்து திரும்பி, ரப்பரை முறுக்குகிறது. ரப்பர் தன் பலத்தால் திருப்பி இழுக்கிறது. ஆக மரையில் குற்றமில்லை, குழலுக்குள் பிடித்திருக்கிறது. இடது மேல் டோம் நட் கொஞ்சமும் அசையாதது மரைத் துரு. மூன்றாவது வகை ஒன்றும் உண்டு: போல்ட் நேராக ஸ்விங் ஆர்மில் வெல்டு செய்த நட்டுக்குள்ளோ மரை வெட்டிய காதுக்குள்ளோ ஏறுவது. அதில் குழலும் பிடிக்கும், மரையும் பிடிக்கும். நான்காவது, அலுமினியத்தில் ஏறிய இரும்பு போல்ட். டியூக் மாதிரி அலுமினிய ஸ்விங் ஆர்ம் உள்ள வண்டிகளிலும், ஷாக்கின் கீழ் முனை இன்ஜின் கேஸில் மாட்டும் ஸ்கூட்டர்களிலும் இதைப் பார்க்கலாம். இரண்டு உலோகம், நடுவே உப்புத் தண்ணீர். அலுமினியம்தான் அரித்து, வெள்ளைப் பொடியாகி, போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். செம்மண் நிறத்துக்குப் பதில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அங்கே சுத்தியலை எடுக்காதீர்கள்.

ஸ்பானரைத் தொடும் முன் வண்டியின் பாரத்தை போல்ட்டிலிருந்து எடுக்க வேண்டும். பலர் விட்டுவிடும் படி இது. சென்டர் ஸ்டாண்டில் நிற்கும்போது பின் சக்கரமும் ஸ்விங் ஆர்மும் ஷாக்கில் தொங்குகின்றன. அந்தப் பாரம் போல்ட்டைக் குறுக்காக இழுத்துக் குழலின் ஒரு பக்கத்தில் அழுத்திக்கொண்டே இருக்கும். சக்கரத்துக்கு அடியில் ஒரு பலகையை நுழைத்து, மெல்லிய ஆப்பு வைத்து, ஒவ்வொரு மில்லிமீட்டராக உயர்த்திப் பாருங்கள். பிடிக்காத போல்ட் ஒன்றைக் கையால் அசைத்தால் ஒரு இடத்தில் லேசாகும். அதுதான் சரியான உயரம். இரட்டை ஷாக் வண்டியில் ஒரு பக்கம் முடித்து மாட்டிவிட்டுத்தான் மறுபக்கம் போக வேண்டும்.

மோனோஷாக் (ஒற்றை ஷாக்) வண்டியில் பேடாக் ஸ்டாண்டை நம்ப வேண்டாம். அது ஸ்விங் ஆர்மைத்தான் தூக்குகிறது; வண்டியின் எடை முழுவதும் ஷாக் வழியாக ஸ்விங் ஆர்மில் இறங்குகிறது. ஷாக் போல்ட்டை உருவிய நொடியில் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், நடுவில் இருக்கும் விரல்களோடு. ஃப்ரேமைத் தாங்க வேண்டும்: ஃபுட் பெக் மாட்டும் ஃப்ரேம் பகுதியில் ஸ்டாண்ட் கொடுப்பது, இன்ஜினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுப்பது, அல்லது மேலே உறுதியான உத்தரம் இருந்தால் ஃப்ரேமின் பின்பகுதியைக் கயிற்றுப் பட்டையால் தொங்கவிடுவது. சக்கரத்துக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கி வேண்டும், உயரத்தைச் சரிசெய்ய.

அடுத்தது எண்ணெய். டபிள்யூ.டி. 40 ஸ்பிரே எளிதில் கிடைப்பதால் எல்லோரும் அதைத்தான் அடிக்கிறார்கள். பரவாயில்லை, ஆனால் துரு தளர்த்துவதற்கென்றே விற்கும் ஸ்பிரே இதைவிட நன்றாக உள்ளே போகும். ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்) எண்ணெயும் அசிட்டோனும் சம அளவு கலந்தும் பயன்படுத்துவார்கள். அந்தக் கலவை நின்றால் பிரிந்துவிடும், ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும். பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும், சட்டென்று தீப்பிடிக்கும். எது அடித்தாலும் முதலில் வெளியில் தெரியும் மரையையும் விளிம்பையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சேற்றையும் தளர்ந்த துருவையும் எடுத்துவிட்டு அடியுங்கள். இல்லாவிட்டால் சேறுதான் எண்ணெயைக் குடிக்கும். அடித்துவிட்டு அரை மணி நேரத்தில் ஸ்பானர் போடுவது பெரிதாக உதவாது. மாலையில் அடித்து, போல்ட் தலையைச் சின்னச் சுத்தியலால் பத்து இருபது தட்டு தட்டி, இரவு படுக்கும் முன் மறுபடி அடித்து, காலையில் இன்னொரு முறை. தட்டுவது விளையாட்டில்லை, அதிர்வில் துருவில் நுண்ணிய விரிசல் விழும், அதன் வழியாகத்தான் எண்ணெய் நகரும். குழலுக்குள் பிடித்த போல்ட்டுக்கு, எண்ணெய் போக வேண்டியது குழலின் முனைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் உள்ள கோட்டில். போல்ட் தலையை நனைத்துப் பயனில்லை. வண்டியைப் பக்கவாட்டில் லேசாகச் சாய்த்து நிறுத்தினால் எண்ணெய் உள்ளே இறங்கும். பின் பிரேக் டிஸ்க், டிரம் இரண்டையும் பிளாஸ்டிக் கவரால் மூடிவிட்டு அடியுங்கள்.

ஸ்பானர் விஷயத்தில் ஒரே பிடிவாதம் வேண்டும்: ஆறு முனை சாக்கெட். சாதா ரிங் ஸ்பானரின் பன்னிரண்டு முனை, துருவில் தேய்ந்த தலையைப் பிடிக்காமல் மூலையைத்தான் பிடிக்கும். ஓப்பன் ஸ்பானர் வேண்டவே வேண்டாம். இரு சக்கர வாகனங்களில் எம் 10 (10 மி.மீ. தடிமன்) போல்ட்டுக்குப் பெரும்பாலும் 14 மி.மீ. தலை, எம் 12 போல்ட்டுக்கு 17 மி.மீ. தலை. சாக்கெட்டை மாட்டும் முன் தலையின் மேல் உள்ள பெயிண்ட், துருப் பொருக்கைச் சுரண்டி, சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி அடிவரை உட்கார வையுங்கள்.

அதற்கப்புறம் கழற்றும் திசையில் இல்லை, முதலில் இறுக்கும் திசையில் ஒரு சின்ன அசைவு. துருவின் பிடி அந்தத் திசையிலும் உடையும், உடைந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு கழற்றும் பக்கம். கால் சுற்று வந்ததும் ஆசையில் தொடர்ந்து சுற்றக் கூடாது. அரைக்கால் சுற்று பின்னால் விட்டு, எண்ணெய் அடித்து, மறுபடி. விடாமல் சுற்றினால் துருத்தூள் மரையில் சேர்ந்து மறுபடி இறுகி, போல்ட் அங்கேயே முறுகி ஒடியும். ஸ்பானரில் நீளக் குழாய் மாட்டுவது பற்றி ஒரு கணக்கு. 60 செ.மீ. குழாயின் முனையில் 40 கிலோ பாரம் கொடுத்தால் ஏறக்குறைய 240 நியூட்டன் மீட்டர். ஷாக் போல்ட்டின் வழக்கமான டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) சுமார் 40. ஆறு மடங்கு. எம் 10 போல்ட் இதைத் தாங்காது, ஒடிந்துவிடும். நீளக் கைப்பிடியைவிட இம்பாக்ட் ரெஞ்ச் நல்லது. ஒரேயடியாக முறுக்காமல் கொத்திக் கொத்தி அடிப்பதால் துரு உடைகிறது, போல்ட் பிழைக்கிறது. சொந்தமாக இல்லாவிட்டால் கவலை வேண்டாம், டயர் கடையில் ஏர் கன் இருக்கும். ஒரு முறைக்கு இரண்டு மூன்று விநாடி, நடுவில் இடைவெளி, இரு திசையிலும் மாறி மாறி.

இடது மேல் டோம் நட்டுக்கு வருகிறேன். இங்கே மிக முக்கியமானது, நட் ஏறியிருப்பது ஃப்ரேமில் வெல்டு செய்த ஸ்டட்டின் மேல். ஸ்டட் ஒடிந்தால் வேலை ஷாக் மாற்றுவதிலிருந்து ஃப்ரேம் வெல்டிங்குக்குப் போய்விடும். அதனால் இந்த நட்டுக்கு நான் கொடுக்கும் பொறுமை குறைவு: இரண்டு நாள் எண்ணெய், ஒரு சுற்று இம்பாக்ட். அதிலும் அசையாவிட்டால், அல்லது ஸ்பானரைத் திருப்பும்போது ரப்பர் மாதிரி ஒரு நெகிழ்வு கையில் தெரிந்தால், ஸ்டட் முறுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்தி, நட்டைப் பிளந்துவிட வேண்டும். புது டோம் நட் வாங்கச் சில பத்து ரூபாய்.

பிளப்பதற்கு நட் ஸ்பிளிட்டர் என்று ஒரு கருவி பாரிமுனைக் கருவிக் கடைகளில் கிடைக்கும், ஆனால் மேலே கிராப் ரெயிலும் பக்க பேனலும் இருப்பதால் பல வண்டிகளில் அதற்கு இடம் இருக்காது. நடைமுறையில் 4 அங்குல கிரைண்டரில் 1 மி.மீ. கட்டிங் டிஸ்க். டோமின் மூடியை முதலில் வெட்டி எடுத்தால் ஸ்டட்டின் முனை தெரியும். மரை எங்கே முடிகிறது என்பது கண்ணால் தெரிந்தபின், நட்டின் ஒரு தட்டையான பக்கத்தில், ஸ்டட்டுக்கு இணையாக ஒரு கோடு, மரையைத் தொட அரை மில்லிமீட்டர் இருக்கும்போது நிறுத்தல். எதிர்ப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு கோட்டில் உளியை வைத்து ஒரு அடி. நட் விரிந்து பிடியை விட்டுவிடும். மரையில் டிஸ்க் லேசாகக் கீறினாலும் எம் 10, 1.25 பிட்ச் (மரைக்கு மரை உள்ள தூரம்) டை (வெளி மரை வெட்டும் கருவி) ஒன்றை ஓட்டினால் சரியாகிவிடும். அதற்கு மேல் போனால் சரியாகாது. அதனால்தான் அரை மில்லிமீட்டர். கிரைண்டர் எடுக்கும் முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தள்ளி வைப்பது நல்லது. முடியாவிட்டால் நனைத்த சாக்கு, தடிமனாக. டயர், சீட், ஒயரிங்குக்கும் மறைப்பு. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள்.

வலது கீழ் போல்ட், குழலுக்குள் பிடித்தது. முதலில் கழற்றிய நட்டைத் திரும்ப மாட்டி, போல்ட் முனையோடு சமமாக நிற்கும்படி விட்டு, அதன் மேல் அடிக்க வேண்டும். நேராக போல்ட் முனையில் அடித்தால் மரை விரிந்து, பிறகு பிராக்கெட் துவாரத்தில் நுழையவே நுழையாது. ஒரு கிலோ சுத்தியல். சின்னச் சுத்தியலால் நூறு தட்டு தட்டுவது முனையைத்தான் நசுக்கும். கனமான ஒரு அடி துருவை உடைக்கும். ஆனால் எதிர்ப்பக்க பிராக்கெட்டுக்குப் பின்னால் ஒரு கனமான இரும்பை இன்னொருவர் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், போல்ட் வெளியேறும் வழியை விட்டு. இல்லாவிட்டால் அடியின் பலம் பிராக்கெட்டை வளைப்பதில் போய்விடும். அடி, எண்ணெய், ஸ்பானரால் இரு பக்கமும் ரப்பர் முறுகும் அளவுக்கு ஆட்டல், மறுபடி அடி. போல்ட் நகர ஆரம்பித்து, நட் பிராக்கெட்டைத் தொட்டதும் நட்டை எடுத்துவிட்டு 9 மி.மீ. பித்தளைக் கம்பியால் தள்ளிக்கொள்ளலாம்.

ஐந்தாறு நல்ல அடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லையா? அடிப்பதை நிறுத்தி வெட்டப் போங்கள். இரண்டு வழி.

இடம் இருந்தால், குழலின் முனைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே போல்ட்டை அறுப்பது சுத்தமான வழி. ஷாக்கை ஒரு பக்கமாக நெம்பினால் ரப்பர் கொடுத்து, ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இடைவெளி கிடைக்கும். அங்குலத்துக்கு 24 பல் உள்ள பை-மெட்டல் ஹேக்சா பிளேடு, ஃப்ரேம் இல்லாமல், ஒரு முனையில் துணி சுற்றி. 8.8 தர போல்ட் அறுபடும், நேரம்தான் பிடிக்கும். இரண்டு பிராக்கெட் நடுவில் ஷாக் உட்கார்ந்திருந்தால் இரண்டு பக்கமும் அறுக்க வேண்டும், மோனோஷாக்கில் இதுதான் வழக்கமான நிலைமை. அவசரத்தில் பிளேடு சாய்ந்து பிராக்கெட்டின் உள்முகத்தைத் தின்னாமல் பாருங்கள். பிராக்கெட் பக்கம் ஒரு மெல்லிய தகட்டை நுழைத்து விட்டால் அது அடி வாங்கிக்கொள்ளும்.

இடமே இல்லாவிட்டால் ஷாக்கின் வளையத்தை வெட்டுங்கள். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் உயிர் போகும் இடம் இது. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்திருப்பது மேல் வளையத்தோடு சேர்ந்த தட்டும், தண்டும்தான். வளையத்தின் கழுத்தை, அதாவது வளையம் ஷாக் உடம்போடு சேரும் இடத்தை, வெட்டினால் ஸ்பிரிங் துப்பாக்கிக் குண்டாக வெளியே வரும். வெட்ட வேண்டியது வளையத்தின் தூர விளிம்பை, கழுத்துக்கு நேர் எதிர்ப்புறத்தை. அதற்கு முன் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை) கடைசித் தளர்ந்த படிக்கு இறக்கிவிடுங்கள். ஸ்பிரிங்கின் பலம் அப்போதும் போய்விடாது, குறையும், அவ்வளவே. ஷாக் உடம்பிலும் பக்கத்து கேனிஸ்டரிலும் (கேஸ் டப்பா) பிளேடு படவே கூடாது. நைட்ரஜன் கேஸ் ஷாக்குகளில் உள்ளே உயர் அழுத்தம் இருக்கிறது, பழையதாகி எண்ணெய் கசிந்தாலும் கேஸ் மிச்சம் இருக்கலாம். பல்சரின் நைட்ராக்ஸ், டியூக்கின் ஷாக் எல்லாம் இந்த வகை.

வளையத்தை அந்த விளிம்பில் இரண்டு இடத்தில் வெட்டி ஒரு துண்டை எடுத்துவிட்டால் ரப்பர் தெரியும். கட்டர் கத்தியால் ரப்பரைக் குழலை ஒட்டிச் சுற்றி அறுத்தால் ஷாக் தனியே வந்துவிடும். ரப்பரைக் கொளுத்தி எரிப்பவர்கள் உண்டு. அந்தப் புகையையும் பக்கத்தில் இருக்கும் டயரையும் நினைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடக் கத்தி வேலை பெரிதில்லை. இப்போது மிச்சம் போல்ட்டும் குழலும் மட்டும். போல்ட் மரை காதுக்குள் ஏறும் வகையாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு நல்ல செய்தி: ரப்பர் தடுப்பது நின்றுவிட்டதால், குழலோடு சேர்த்தே போல்ட்டைத் திருப்பிக் கழற்றிவிடலாம். அதுவரை மரைதான் பிடித்திருக்கிறது என்று நினைத்து முறுக்கிக்கொண்டிருந்தவர்கள் ஆச்சரியப்படுவார்கள். நட் போட்ட வகையில் குழலின் மேல் நீளவாக்கில் மெல்லிய டிஸ்க்கால் ஒரு கோடு போட்டு உளியால் விரித்தால் குழல் போல்ட்டை விட்டுவிடும்.

இனி உங்கள் மெக்கானிக் சொன்ன சூடு. சூடு வேலை செய்வது இரண்டு காரணத்தால். வெளியில் உள்ள பொருளைச் சூடாக்கினால் அது விரிந்து போல்ட்டை விடுகிறது. போல்ட்டையே சூடாக்கினால் அது விரிந்து துருவை நசுக்கி, ஆறும்போது சுருங்கிப் பிடியை விடுகிறது. அப்போது எண்ணெய் அல்லது மெழுகுவர்த்தியைத் தொட்டால் இடுக்கில் இழுத்துக்கொள்ளும். நட்டுக்கு, வெல்டு நட்டுக்கு இது நல்ல வைத்தியம். குழலுக்குள் பிடித்ததற்கு அவ்வளவாக இல்லை, ஏனென்றால் குழலைச் சுற்றி ரப்பர் இருக்கிறது, சூடு போக வழியில்லை. கேஸ் டார்ச்சை ஷாக் பக்கத்தில் கொண்டுபோவதே தப்பு: உள்ளே கேஸும் எண்ணெயும், பக்கத்தில் பெட்ரோல் குழாய், பிஎஸ்6 வண்டியென்றால் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவும் அதன் குழாய்களும், ஏபிஎஸ் ஒயர், பிரேக் ஹோஸ். கொஞ்சம் முன்பு நீங்களே அடித்த எண்ணெயும் அசிட்டோனும் வேறு. ஹீட் கன் போதும். இரும்பு நட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சட்டென்று பொரிந்து ஓடும் அளவு சூடு வந்தால் வேலைக்கு ஆகும். சிவக்கச் சிவக்கக் காட்ட வேண்டாம். அலுமினிய ஸ்விங் ஆர்மில் இந்த எல்லையைத் தாண்டவே கூடாது. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் கொஞ்சச் சூடே போதும். அதிகமானால் பதப்படுத்திய அலுமினியம் தன் வலுவை இழந்துவிடும், வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பிரேக் கிளீனர் அடித்த இடத்தை ஈரத்தோடு சூடாக்காதீர்கள், சிலவற்றின் ஆவி சூட்டில் நச்சு வாயுவாக மாறும்.

தலை தேய்ந்துவிட்டால்? ஒரு அளவு சிறிய ஆறு முனை சாக்கெட்டை அடித்து ஏற்றிப் பாருங்கள், 14 தேய்ந்திருந்தால் 13. அதுவும் வழுக்கினால், தலையின் மேல் ஒரு பெரிய நட்டை வைத்து உள்பக்கமாக வெல்டு செய்வது. வெல்டிங் சூடே பிடியைத் தளர்த்துவதால் இது பல சமயம் ஆச்சரியமாக வேலை செய்யும். வெல்டு வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கனெக்டரையும் பிடுங்கிவிட வேண்டும். எர்த் கிளாம்பை அதே போல்ட்டுக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். எங்கோ முன் ஃபோர்க்கில் பிடித்தால் கரன்ட் பேரிங் வழியாக ஓடி அதைக் கெடுக்கும்.

போல்ட் காதுக்குள் ஒடிந்தே போனால் சென்டர் பஞ்ச் சரியாக நடுவில் விழுவதுதான் மொத்த வேலை. ஒடிந்த முகத்தை அரத்தால் சமமாக்கிவிட்டுப் பஞ்ச் வையுங்கள். 3 மி.மீ., 5, 6.5 என்று ஏறி ஏறித் துளை போட்டு, எம் 10, 1.25 பிட்ச் மரைக்கு 8.8 மி.மீ. வரை போகலாம். மிச்சம் மரையில் சுருள் மாதிரி வந்துவிடும். இடதுகைத் திசை டிரில் பிட் கிடைத்தால் துளைக்கும்போதே போல்ட் கழன்று வருவதும் உண்டு. ஸ்க்ரூ எக்ஸ்ட்ராக்டரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. தலையைப் பிய்த்துக்கொண்ட போல்ட்டை இந்த மெல்லிய துண்டு அசைக்கும் என்று நம்புவது கடினம், ஒடிந்து உள்ளே நின்றால் அது டிரில் ஏறாத கடின எஃகு. கையில் சரியாக நடுவைப் பிடிக்க முடியாது என்று தோன்றினால் ஸ்விங் ஆர்மைக் கழற்றி அம்பத்தூர், கிண்டி பக்கத்து லேத் பட்டறையில் கொடுங்கள். மெஷினில் நேராகத் துளைத்து, தேவைப்பட்டால் ஹெலிகாயில் (கெட்ட மரைக்குப் பதிலாக வைக்கும் கம்பிச் சுருள்) போட்டுத் தருவார்கள்.

புது ஷாக் ஏற்றும் முன். போல்ட், நட், வாஷர் எல்லாம் புதிது. ஜி.பி. ரோட்டில் வண்டியின் மாடல் சொல்லி ஒரிஜினல் வாங்குங்கள்; புதுப்பேட்டையில் கழற்றியது கிடைக்கும், ஆனால் இந்தப் போல்ட்டை மட்டும் பழையது வாங்காதீர்கள். ஹார்டுவேர் கடை எம் 10 போல்ட் பெரும்பாலும் 1.5 பிட்ச், வண்டியில் இருப்பது பெரும்பாலும் 1.25. முதல் இரண்டு மரை ஏறும், பிறகு இறுகும், அழுத்தித் திருப்பினால் காதின் மரை போச்சு. தலையில் 8.8 அல்லது 10.9 என்ற முத்திரை வேண்டும், வண்டியில் இருந்ததற்குக் குறையாமல். பளபளப்புக்காக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் மாட்டுவது இங்கே ஒரு மோகம். சாதாரண எஸ்.எஸ். போல்ட் 8.8-ஐவிட வலு குறைந்தது, எஸ்.எஸ். நட்டோடு சேர்ந்தால் மரை தானாகவே ஒட்டிப் பிடிக்கும், அலுமினியத்தில் ஏறினால் அரிப்பும் கூடும். ஷாக்குக்கு வேண்டாம்.

பிராக்கெட்டின் உள்முகத்தையும் துவாரத்தையும் எமரித் தாளால் சுத்தம் செய்து, மரையில் டாப் (உள் மரை வெட்டும் கருவி) அல்லது டை ஓட்டி, ஊதிவிடுங்கள். போல்ட்டின் வழவழப்பான உடம்பு முழுக்கத் தண்ணீர் தாங்கும் கிரீஸ் மெல்லியதாகப் பூசுங்கள், குழலின் உள்ளும். கிரீஸ் போட்டால் கழன்றுவிடும் என்ற பயம் வேண்டாம். பிடிப்பது குழலின் முனைகளில் விழும் அழுத்தம், போல்ட்டின் உடம்பு இல்லை. மரையில் மட்டும் மேனுவல் என்ன சொல்கிறதோ அது: சிலவற்றில் நடுத்தர நீல நிற திரெட் லாக், சிலவற்றில் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ளது), அப்போது மரையில் கிரீஸ் வேண்டாம். ஒன்றும் சொல்லாவிட்டால் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை) பூசி, டார்க்கை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். வழுக்கலான மரையில் அதே டார்க் போல்ட்டைக் கூடுதலாக இழுத்துவிடும். ஹிமாலயன் 411 மாதிரி லிங்கேஜ் (ஷாக்கையும் ஸ்விங் ஆர்மையும் இணைக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் அங்குள்ள ஊசி பேரிங்குகளையும் இதே சமயத்தில் கழற்றி கிரீஸ் வைத்துவிடுங்கள், மறுபடி அவ்வளவு தூரம் யாரும் போகமாட்டார்கள்.

மாட்டும்போது போல்ட் கையாலேயே முழுக்க நுழைய வேண்டும். நுழையாவிட்டால் சுத்தியல் இல்லை, சக்கரத்தின் உயரத்தை மாற்றுங்கள். நட்டைக் கையிறுக்கமாக விட்டு, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஒருவர் சீட்டில் உட்கார்ந்த நிலையில் கடைசி டார்க் கொடுங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால், ரப்பர் நடுநிலையில் இல்லாமல் எப்போதும் முறுகியே இருக்கும், சீக்கிரம் பிய்ந்துவிடும். டார்க் கொடுத்தபின் போல்ட் தலையிலும் பிராக்கெட்டிலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிட்டால், இருநூறு முந்நூறு கிலோமீட்டர் கழித்து அசைந்ததா என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கடலோரத்தில் நிற்கும் வண்டிக்கு, வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் வருடத்துக்கு ஒருமுறை இந்தப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக உருவி, துடைத்து, கிரீஸ் வைத்துத் திரும்ப மாட்டுங்கள். சக்கரத்துக்கு அடியில் பலகை இருந்தால் ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம். நைலாக் நட் இருந்தால் அதை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்ற வேண்டும்.